கிளிட்டஸை நிறுத்துவதா, வேண்டாமா

ஆறு வெள்ளிக்கிழமை, ஆறு ஆட்டம், ஒரு கோல் கிடையாது. நாலில் தோல்வி, இரண்டில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மங்காஃப் செயின்ட் ஆன்ட்ரூஸ் அணியின் அந்த வருடத்துக் கதை இவ்வளவுதான். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து குவைத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் சேர்ந்து நடத்திய அணி அது. ஃபுட்பால் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற கூட்டம். 2008 பிப்ரவரியில் அந்தக் கூட்டம் எங்கே கூடினாலும், ரூமிலானாலும் கம்பெனி பஸ்ஸிலானாலும் பூசை முடிந்த கோயில் வாசலிலானாலும், பேச்சு ஒன்றுதான்: கிளிட்டஸை நிறுத்துவதா, வேண்டாமா?

கிளிட்டஸ் அந்த அணியின் அட்டாக் கோச். வெள்ளிக்கிழமை லீக்கில் ஆடுகிற அணிக்கு ஒரு கோச் இருந்தாலே பெரிது. இவர்களுக்கு இரண்டு பேர். மொத்த அணிக்கும் தலைவர் ஜான் பீட்டர். வாலிபத்தில் பின்வரிசையில் நின்று ஆடியவர் அவர். எதிரே வருகிறவனை எப்படி மறிப்பது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கோல் எப்படி அடிப்பது என்று கேட்டால் தலையைச் சொறிவார். அதனால் யார் எங்கே ஓடுவது, யாருக்கு யார் பந்து கொடுப்பது என்கிற வேலை முழுவதையும் தங்கை டெல்சியின் புருஷனான கிளிட்டஸிடம் விட்டுவிட்டார். ஏழு வருடம் அது நன்றாகவே நடந்தது. இரண்டு தடவை கோப்பையும் வாங்கினார்கள். எட்டாவது வருடம்தான் இப்படிக் கவிழ்ந்தது.

கிளிட்டஸுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தூத்தூர்ப் பக்கத்துக் கடப்புறத்தில், கடலோர ஊர் ஒன்றில், பிறந்தவர். இடது காலால் அவர் நீட்டி விடுகிற பந்து மூலைக்கொடி வரை போய், ஓடி வருகிறவனுக்காகக் காத்து நிற்கும் என்று ஊரில் பேச்சு. இருபத்திரண்டு வயதில் முழங்கால் முறிந்தது, ஆட்டமும் முடிந்தது. 1993இல் கஃபீல் என்கிற விசா முதலாளி ஒருவரின் மீன்பிடிப் படகில் வேலைக்கு வந்தார். கஃபீல் படகை விற்றதும் கரையேறி, ஏசி கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, மெல்ல மெல்ல டெக்னீஷியன் ஆனார். வாரத்தில் ஆறு நாளும் அவர் தலை ஏதாவது ஒரு கட்டடத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும். ஏணியில் நிற்கிற இரண்டு கால்தான் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஏசி வாலா என்று கூப்பிடுவார்கள். பெயர் என்ன என்று கேட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவர் 'கோச்சு'. அந்த ஒரு நாள் இருப்பதால்தான் மற்ற ஆறு நாளும் ஏணியில் ஏற முடிகிறது என்று டெல்சியிடம் அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே நிறுத்துவதா வேண்டாமா என்பது மற்றவர்களுக்கு ஆட்ட விவகாரம், அவருக்கு வாழ்க்கை விவகாரம்.

கவிழ்ந்தது எப்படி என்று சொல்ல வேண்டும். அதுவரை லீக் ஆட்டமெல்லாம் பொட்டல் மணலில்தான் நடந்தது. அந்த வருடம் செயற்கைப் புல் விரித்த மைதானம் ஒன்றுக்கு மாற்றினார்கள். நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர் கார்ப்பெட். சீசன் தொடங்கும் முன்பே ஜான் பீட்டர் கேட்டார்.

"மாப்ள, வாரத்துல ஒரு நாளு கார்ப்பெட்டுல பிராக்டிஸ் வைப்பமா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டா வாடகைக்கு எடுத்திரலாம்."

கிளிட்டஸ் சிரித்தார்.

"மணல்ல உருண்டவனுக்கு கார்ப்பெட் எதுக்கு மச்சான்? மணல்ல ஓடுன காலு எங்கயும் ஓடும். கார்ப்பெட்டுல பழகுனவன் மணல்ல வந்து ஓடட்டு, அப்பம் பாப்பம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கடப்புறத்துக்காரனிடம் எதை வேண்டுமானாலும் குறைத்துப் பேசலாம், மணலைக் குறைத்துப் பேசக் கூடாது. மணலில் ஓடினால்தான் கால் உரம் பிடிக்கும் என்பது அவர்களுக்குப் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. ஜான் பீட்டருக்கும் அதே நம்பிக்கைதான். பேச்சு அத்தோடு முடிந்தது. எப்போதும்போலத் திங்களும் புதனும் சாயங்காலம் மங்காஃப் கடற்கரையில் பிராக்டிஸ் நடந்தது.

கிளிட்டஸின் திட்டத்தில் ஒளிவு மறைவு இல்லை. நடுவில் நிற்பவன் செய்கு முகம்மது. காயல்பட்டினத்துக்காரன், கடற்கரைக் கிறிஸ்தவர் அணியில் ஒரே ஒரு முஸ்லிம். பந்தைக் கண்ட இடத்தில் காயல்பட்டினத்துக்காரனை விலக்கி வைப்பது பாவம் என்று சொல்லிக் கிளிட்டஸே கொண்டுவந்து சேர்த்தவன். அவன் இடது மூலைக்குப் பந்தை நீட்டி விட வேண்டும். பிரைட் என்கிற இருபத்து நாலு வயதுப் பையன் ஓடிப்போய் எடுத்து, உள்ளே திரும்பி அடிக்க வேண்டும். ஏழு வருடம் சோறு போட்ட திட்டம். கார்ப்பெட்டில் என்ன ஆயிற்று என்றால், செய்கு விட்ட பந்து மூலையில் நிற்காமல் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. பிரைட் பின்னாலேயே ஓடுவான், பந்து வெளியே போகும், விசில் ஊதும். ஒரு ஆட்டத்தில் பதினாறு தடவை. எதிர் அணிப் பையன்கள், பிரைட் ஓடத் தொடங்கியதுமே டாடா காட்டத் தொடங்கினார்கள்.

கார்ப்பெட்டில் பந்து வேகமாக ஓடும் என்பது கிளிட்டஸுக்குத் தெரியாமல் இல்லை. குருடனுக்கும் தெரியும். ஆனால் அதற்கு அவர் கண்ட வைத்தியம், "பந்து ஓடுனா நீ அதவிட ஓடு" என்பது. வாரா வாரம் பிரைட்டை மணலில் கூடுதலாக ஓடவிட்டார். சாரம் கட்டுகிற வேலை அந்தப் பையனுக்கு. பகலெல்லாம் கம்பி சுமந்துவிட்டு வந்து, இருட்டும் வரை ஓடினான். நாலாவது ஆட்டமும் தோற்ற அன்று, எல்லார் முன்னாலும் கிளிட்டஸ் வாயை விட்டார்.

"ஒனக்க காலுக்கு என்னலே? ஈயம் காச்சி ஊத்தி வச்சிருக்கா?"

பிரைட் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பேசாமல் போகிறவனிடம்தான் பயப்பட வேண்டும். ஆறாவது ஆட்டம் முடிந்ததும் ரூம் ரூமாகப் போய்ப் பேசியவன் அவன்தான். இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. மாஸ்டராக இருந்த ரவிசங்கர் என்பவரைக் கேட்டும் வைத்திருந்தான். அடுத்த வாரத்திலிருந்து வரத் தயார் என்று அவரும் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி. கடைசி இடத்தில் முடித்தால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஜான் பீட்டர் வீட்டில் கூட்டம் என்று முடிவானது.

புதன்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த டெல்சி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கிளிட்டஸுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஓட்டுக்கு விடப் போறாவளாம், தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணன் ஓட்டுப் போடமாட்டாவளாம். மச்சானுக்காவ போட்டான்னு பேச்சு வருமாம்."

"அதும் தெரியும்."

ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த மகள் ஜிஷா தலையைத் தூக்கினாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "டாடி, ஆர் தே ஃபயரிங் யூ?" என்றாள்.

"நீ எழுது மக்களே," என்றார் கிளிட்டஸ். பிறகு டெல்சியிடம், "நான் என்ன செய்யட்டு? முட்டுக்காலு சரியா இருந்தா நானே எறங்கி அடிச்சிருவேன். அந்தப் பயலுக்கு ஓடக் கழியல்ல."

டெல்சி நர்ஸ். மனதில் பட்டதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "மருந்து குடுத்து நோவு கொறையல்லேன்னா டாக்டர் மருந்த மாத்துவாவ. நோயாளிய ஏசமாட்டாவ," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கிளிட்டஸுக்குச் சுருக்கென்றது. கட்டின மனைவிக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலை அபுஹலிஃபாவில், புதிதாகக் கட்டி முடித்திருந்த ஆறு மாடி ஆபீசில். கூட வந்த ஹெல்பர் கார்மேகம், பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஃபுட்பாலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர் அடித்துக்கொள்வதற்குப் பதில் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கிற ஆள். வெளியே யார்டு முழுக்க மணல். கேஸ் சிலிண்டர் கட்டிய டிராலியை அந்த மணல் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து, சின்னச் சரிவில் ஏற்றி, கட்டடத்துக்குள்ளே விட வேண்டும். கார்மேகம் எட்டு மணியிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நாலாவது சிலிண்டரின்போது, சரிவு ஏறி முடிந்ததும் டிராலி அவர் கையை விட்டுப் பறந்தது. பளபளக்கும் கிரானைட் தரையில் நேரே ஓடி, ரிசப்ஷன் மேஜைப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. சிலிண்டர் கட்டியிருந்ததால் ஆபத்தில்லை. உள்ளே இருந்த எகிப்துக்காரர் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தித் தீர்த்தார்.

"தர வழுக்கும்னு ஒமக்குத் தெரியாதா ஓய்?" என்று கிளிட்டஸும் தன் பங்குக்குக் கத்தினார்.

"தெரியாம என்னண்ணே, நேத்து இந்தத் தரையத் தொடச்சதே நாந்தானே," என்றார் கார்மேகம். "காலைலேர்ந்து மணல்லயே தம் கட்டித் தள்ளித் தள்ளி கை அதுக்குப் பழகிப்போச்சு. உள்ள வந்தாச்சுன்னு மூளைக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."

கிளிட்டஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"திரும்பக் கொண்டு போவும். மணல்லேருந்து இன்னொருக்க தள்ளிட்டு வாரும்."

"எதுக்குண்ணே?"

"தள்ளும் ஓய்."

கார்மேகம் தள்ளினார். இந்த முறை பயந்து பயந்து தள்ளினார். அப்படியும் கிரானைட்டில் ஏறியதும் டிராலி அவரை இழுத்துக்கொண்டு இரண்டு அடி ஓடியது. மூன்றாவது முறையும் தள்ளச் சொன்னார் கிளிட்டஸ். நாலாவது முறை கார்மேகம் மறுத்துவிட்டார். அண்ணனுக்கு நேற்று வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கிளிட்டஸ் டூல் பாக்ஸின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் முன்னே நின்றது டிராலி இல்லை, செய்கு முகம்மதின் வலது கால். திங்களும் புதனும் மணலில் முழு பலத்தையும் கூட்டி அடித்தால்தான் பந்து மூலை வரை போகும். அந்தக் கால் வாரம் பூராவும் அதைத்தான் படிக்கிறது. வெள்ளிக்கிழமை கார்ப்பெட்டில் ஆள் நெருங்கி வரும்போது யோசிக்க நேரம் ஏது? படித்ததைத்தான் கால் அடிக்கிறது. உலகத்தில் எவன் ஓடினாலும் அந்தப் பந்தைப் பிடிக்க முடியாது. பிரைட்டின் காலில் ஒரு குறையும் இல்லை. மணலில் இன்னும் பழக்கப் பழக்க, செய்குவின் கால் இன்னும் கெட்டது. கெடுத்தது யார்?

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆறு ஆட்டமாக அணியைக் கொன்றது வேறு யாரும் இல்லை, தானேதான். கார்ப்பெட் பிராக்டிஸ் வேண்டாம் என்று சிரித்ததும் தானே. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டதோடு பதினைந்து பேரையும் கூடச் சேர்த்துக் கெடுத்திருந்தார். இதைக் கூட்டத்தில் சொன்னால் நிறுத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் தப்பிக்கலாம். ஏழு வருடம் உழைத்த மனிதர், நேரம் சரியில்லை, பாவம் என்று பேச அங்கே ஆள் இருந்தது. ஓட்டு அவர் பக்கம் சாயக்கூட வாய்ப்பு உண்டு. பிறகு தானாகவே கண்டுபிடித்த மாதிரி அடுத்த வாரம் கார்ப்பெட் பிராக்டிஸ் வைத்துக்கொள்ளலாம். பூந்தொட்டி மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே கிளிட்டஸ் இதையெல்லாம் கணக்குப் போட்டார். அவர் ஒன்றும் மகாத்மா இல்லை.

சாயங்காலம் ஜான் பீட்டர் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து பேசியவன் பிரைட்.

"எனக்கு யாருமேலயும் பகை இல்ல. ஆறு மேச்சா நான் லைனுக்கு வெளிய போற பந்துக்குப் பின்னால ஓடுகேன். ஊருல எனக்க அப்பாட்ட போன்ல யாரோ செல்லியிருக்கு, ஒனக்க மவனுக்குக் காலு போச்சுன்னு. எனக்குக் காலு போவல்ல. எனக்கு வேற கோச்சு வேணும்."

அப்பா என்ற சொல்லைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கிளிட்டஸ் போட்டுவைத்த கணக்கெல்லாம் அந்த இடத்தில் கலைந்துபோயிற்று. அவர் எழுந்தார்.

"அவன் செல்லுகது உள்ளது. அவனுக்கக் காலுல ஒரு கொறையும் இல்ல. கொறை, பந்து வாற வேகத்துல. கார்ப்பெட்டுல—"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று மூலையிலிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"கூடம் கோணல்தான்," என்றார் கிளிட்டஸ். "கோணல்னு தெரிஞ்சிட்டும் அதுல ஆடப் பழக்காதவன் நான். மச்சான் கார்ப்பெட் எடுப்பமான்னு கேட்டாவ, நான்தான் வேண்டாம்னேன். செய்குவுக்கக் கால மணல்லயே வச்சுப் பழக்குனேன். மணல்ல அடிக்கிற அடியத்தான் அவன் அங்கயும் அடிக்கான். பிரைட் இல்ல, குதிர ஓடினாலும் அந்தப் பந்து கிட்டாது. எல்லாரு முன்னயும் அவன நான் ஏசினேன். எல்லாரு முன்னயும் இப்பம் செல்லுகேன், தப்பு எனக்கது. மன்னிச்சுக்க மக்கா."

யாரும் சிரிக்கவில்லை. பிரைட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜான் பீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ள, நீ கொஞ்சம் வெளிய நில்லு. கைய தூக்கச் சொல்லிப் பாத்திருவோம்," என்றார்.

கிளிட்டஸ் வெளியே வந்து மாடிப்படியில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். மேல் வீட்டு மலையாளி அம்மா இறங்கி வந்தவர், "எந்தா மாஷே, அகத்து மீட்டிங்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்து ஜான் பீட்டர் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நிறுத்தணும்னு எட்டு. வேண்டாம்னு ஏழு. ஒத்த ஓட்டு, மாப்ள." தோளில் கை வைத்தார். "ரவிசங்கர் சார் அடுத்த வாரந்தான் வருவாரு. நாளைக்கு மேச்சு ஒனக்குத்தான்."

வீட்டுக்கு நடந்தே போனார். டெல்சியிடம் டிராலியிலிருந்து மாடிப்படி வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. டெல்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"செல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியளோ?"

"இருக்கும்."

"செல்லினது நல்லது. எனக்கு இப்பந்தான் ஒங்கள நெனச்சு ஒரு இது வருது," என்றாள். என்ன இது என்று அவள் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு அவளே, "நாளைக்கு மேச்சு இருக்குல்லா? அத விட்டுட்டு இஞ்ச இருந்து கரஞ்சா கோலு விழுமா?" என்றாள்.

கிளிட்டஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மங்காஃப் முழுவதும் தூங்கிக்கொண்டிருக்கும். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள பார்க்கிங்கில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டி இருக்காது. தார் போட்ட கெட்டித் தரை. கார்ப்பெட் இல்லைதான், ஆனால் பந்து நிற்காமல் ஓடும், அது போதும். அங்கே பாகிஸ்தான் டாக்சி டிரைவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "பாய், ஏக் கண்டா, பஸ்," ஒரு மணி நேரம் போதும் என்று கிளிட்டஸ் கை கூப்பினார். "அச்சா, வோ சைட் தும்ஹாரா," என்று அவர்கள் பாதி இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

செய்கு முகம்மது முதலில் வந்தான். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஆறரைக்கு, கடைசியாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிரைட் வந்தான். ஷூவைக் கட்டினான். கிளிட்டஸ் கடை வாசலில் கிடந்த காலி வாழைப்பழப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் வைத்தார்.

"செய்கு, பந்து இந்தப் பெட்டியத் தொட்டுட்டு நிக்கணும். பெட்டி அனங்கப்பிடாது, இருந்த எடத்துலயே இருக்கணும்."

முதல் பந்து பெட்டியை உருட்டித் தள்ளிவிட்டு எதிர்ச் சுவரில் போய் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது பந்து கிரிக்கெட் ஸ்டம்பைச் சாய்த்தது, டிரைவர்கள் "அவுட்! அவுட்!" என்று குதித்தார்கள். செய்குவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோச், காலு சொல் பேச்சு கேக்க மாட்டேங்குது," என்றான். "கேக்கும். பைய அடி. கொழந்தைய தொட்டில்ல போடுக மாதிரி போடு," என்றார் கிளிட்டஸ். இருபதாவது, இருபத்தைந்தாவது பந்தில் கால் மெல்ல இளகியது. முப்பதில் பெட்டி அசையவில்லை. பிரைட் பெட்டியை நோக்கி ஓடினான். அவன் போய்ச் சேரும்போது பந்து அங்கே இருந்தது. அவன் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று மணி ஆட்டம் அப்பாசியாவிலிருந்து வந்த அணியோடு. பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்த பலமான அணி. பாதி ஆட்டத்துக்குள் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். செய்குவின் கால் முதல் பாதியில் நாலு தடவை பழைய புத்திக்குப் போனது, நாலு பந்தும் கோட்டுக்கு வெளியே. எதிரணிப் பையன்கள் டாடா காட்டினார்கள். கிளிட்டஸ் கோட்டோரம் நின்று கத்தவில்லை. கையை மட்டும் கீழ்நோக்கி அமர்த்தி அமர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார், கொதிக்கிற பாலை அமர்த்துகிற மாதிரி.

இரண்டாம் பாதியில் இருபது நிமிடம் போயிருக்கும். செய்கு நடுவில் பந்தை எடுத்தான், தலையைத் தூக்கிப் பார்த்தான், மெல்லத் தட்டினான். பந்து இடது மூலைப் பக்கம் உருண்டது. வழக்கம்போல் வெளியே போகும் என்று அப்பாசியாப் பின்வரிசைக்காரன் ஓட்டத்தைக் குறைத்தான். பந்து கோட்டுக்கு நாலடி முன்னால் சோம்பலாக நின்றது. பிரைட் அதை எடுத்து, உள்ளே திரும்பி, இடது காலால் அடித்தான். கோல்கீப்பரின் கைக்கும் கம்பத்துக்கும் நடுவே புகுந்து வலையில் விழுந்தது.

ஏழு ஆட்டத்தில் முதல் கோல். ஜான் பீட்டர், பருத்த உடம்போடு, மைதானத்துக்குள்ளே ஓடி நடுவரிடம் மஞ்சள் அட்டை வாங்கினார். கிளிட்டஸ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பந்தைப் பிடிக்க முடிகிற இடத்தில் பந்து இருந்தால் அந்தப் பையன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் என்று நினைக்க நினைக்க அவருக்குப் பெருமையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. இன்னும் கடைசி இடம்தான். ஆனால் மேலே இருக்கிற அணி எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருந்தது.

திரும்புகிற வேனில் ஒரே கூச்சல். மங்காஃப் நெருங்கும்போது முன் சீட்டிலிருந்த ஜான் பீட்டர் திரும்பி உட்கார்ந்து கையைத் தட்டினார். கூச்சல் அடங்கியது.

"எல்லாரும் நல்லா ஆடினிய. கிளிட்டஸுக்கும் நன்றி செல்லணும்," என்றார். கிளிட்டஸின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆனா நேத்து எடுத்த முடிவு முடிவுதான். எட்டுக்கு ஏழு. ஒரு கோலு விழுந்ததும் மாத்திப் பேசினா நாளைக்கு ஒருத்தனும் கமிட்டிய மதிக்கமாட்டான். அடுத்த வாரம் ரவிசங்கர் சார் வருவாரு."

நியாயம்தான் என்று கிளிட்டஸ் தலையை ஆட்டினார். இனி வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வது என்பதுதான் அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியது.

"ஜான் அண்ணே." கடைசி சீட்டிலிருந்து பிரைட்டின் குரல். "நேத்து நான் கைய தூக்கினேன்லா?"

"தூக்கின. எல்லாரும் பாத்தோம்," என்றார் ஜான் பீட்டர்.

"அத நான் எறக்கிட்டேன். இப்பம் எண்ணிப் பாருங்க."

ஜான் பீட்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். எட்டில் ஒன்று போனால் ஏழு, ஏழோடு ஒன்று சேர்ந்தால் எட்டு. இந்தக் கணக்கைப் போட அவருக்கு வெகு நேரம் பிடித்தது. வேனில் இருந்த மற்ற எல்லாரும் அதற்கு முன்பே போட்டுவிட்டு, சீட்டை அடித்துத் தாளம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

"ரவிசங்கர் சாருக்கு நான் போன் பண்ணிச் செல்லிக்கிடுகேன்," என்றான் பிரைட். "ஆனா ஒண்ணு, இனி பிராக்டிஸ் கார்ப்பெட்டுலதான். மணல்ல ஓடுன்னு செல்லினா திரும்பவும் கைய தூக்குவேன்."

கிளிட்டஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவும் இல்லை, மறைக்க அந்த வேனில் இடமும் இல்லை. பிறகு எழுந்து, ஓடுகிற வண்டியில் சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், பிரைட்டுக்கு எதிரே நின்றார்.

"செரி. கடைசி அஞ்சு நிமிசத்துல கோலுக்கு முன்னால ஒத்தைக்கு நின்னியே. கீப்பர் விழுந்து கெடந்தான். அந்தப் பந்த ஆகாசத்துக்கு அடிச்சியே, அது ஏம்லே?"

பிரைட் தலையைச் சொறிந்தான்.

"அதுக்கு நான் பொறுப்பில்ல, கேட்டியா," என்றார் கோச்.